சம்பங்கி ஏரியில் சேம் சைடு கோல்

தெற்காசியாவின் கால்பந்து சாம்பியன் யார் என்று தீர்மானிக்க 2023 ஜூன் 21-ஆம் தேதி பெங்களூரில் எட்டு அணிகள் களமிறங்கின. அவற்றில் ஒன்று குவைத், இன்னொன்று லெபனான். பூகோள வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் போய்விட்டது.

சாஃப் எனப்படும் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் முன்பு எட்டு நாடுகள் இருந்தன. ஆப்கானிஸ்தான் 2015-இல் பாயைச் சுருட்டிக்கொண்டு மத்திய ஆசியப் பக்கம் போய்விட்டது. மிச்சம் ஏழு. அந்த ஏழில் இலங்கையை 2023 ஜனவரியில் ஃபிஃபா தடை செய்தது. கால்பந்துச் சங்கத்தின் விவகாரத்தில் அரசாங்கம் மூக்கை நுழைத்தது என்பது குற்றச்சாட்டு. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, உட்கார உறவுக்காரர் இல்லை. தெருவோடு போகிறவர்களில் கொஞ்சம் வசதியானவர்களாகப் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். குவைத்தும் லெபனானும் வந்த கதை அதுதான்.

இலங்கையைப் பார்த்து யாரும் சிரித்துவிட முடியாது. பாகிஸ்தான் அணி 2021 ஏப்ரலில் உள்ளே போய் 2022 ஜூனில்தான் வெளியே வந்திருந்தது. போட்டியை நடத்துகிற இந்தியாவே 2022 ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக அதே கொட்டடியில் இருந்துவிட்டு வந்ததுதான். சரி, விருந்தாளியாவது யோக்கியமா என்றால், குவைத் 2015 அக்டோபர் முதல் 2017 டிசம்பர் வரை இரண்டு வருடத்துக்கும் மேல் தடையில் இருந்த நாடு. இலங்கையை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே இந்த மூன்று பேரும் ஒரே பிரிவில் ஆடினார்கள். நான்காவதாக அந்தப் பிரிவில் மாட்டிக்கொண்டது நேபாளம். இன்னொரு பிரிவில் லெபனான், மாலத்தீவு, பூட்டான், வங்கதேசம்.

ஆட்டம் நடந்த ஸ்ரீ கண்டீரவா மைதானத்துக்கும் ஒரு பூர்வாசிரமம் உண்டு. அது சம்பங்கி ஏரி. ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஏரியை வற்றவிட்டு மைதானமாக்கினார்கள். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக இப்போதைய அரங்கம் எழும்பியது. கரகத் திருவிழாவுக்கு வேண்டுமே என்று ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். பெங்களூரில் எந்தக் கட்டடத்தைத் தோண்டினாலும் அடியில் ஓர் ஏரி இருக்கும், அல்லது ஏரி இருந்ததாகச் சொல்லி வருத்தப்படும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருப்பார். முதல் நாள் இரவே மழை பிடித்துக்கொண்டது. ஏரி தன் பழைய விலாசத்துக்கே திரும்பி வந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் எதிரே ஆடியது பாகிஸ்தான்.

ஆடியது என்று சொல்வது கொஞ்சம் தாராளம். வந்து சேர்ந்தது என்பதுதான் பொருத்தம். பாகிஸ்தான் அணி அதற்கு முன்பு மொரீஷியஸில் ஒரு நான்கு நாட்டுப் போட்டியில் ஆடித் தோற்றுவிட்டு, அங்கேயே இந்திய விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. விசா கடைசி நேரத்தில் கிடைத்தது. மொரீஷியஸிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து இரண்டு தவணையாகப் பெங்களூரு. எல்லாரும் வந்து சேர்ந்தபோது ஆட்டத்தன்று பொழுது விடிந்து நெடுநேரம் ஆகியிருந்தது. தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பயணம் முடிந்த கையோடு ஒருவர் நேராக நிற்பதே சாதனை. இவர்கள் இரவு ஏழரைக்குக் கால்பந்து ஆட வேண்டியிருந்தது.

பத்தாவது நிமிடம். பாகிஸ்தான் கோல்கீப்பர் சாகிப் ஹனீஃபிடம் பந்து பின்னோக்கி வருகிறது. தூக்கி அடித்துத் தள்ளியிருந்தால் ஒன்றுமில்லை. ஈரப் புல்லில் அதைக் காலில் வைத்து நாகரிகமாக ஏதோ செய்யப் பார்த்தார். அந்த நேரத்தில் சுனில் சேத்ரி பக்கத்தில் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயது சேத்ரி பந்தை எடுத்து வெறும் வலைக்குள் உருட்டிவிட்டார். ஆறு நிமிடம் கழித்துப் பெனால்ட்டியில் ஒன்று, 74-ஆம் நிமிடம் மறுபடி பெனால்ட்டியில் ஒன்று. சேத்ரிக்கு அது 90-ஆவது சர்வதேச கோல். 81-ஆம் நிமிடம் உதாந்தா சிங் ஒன்று போட, 4-0. இவ்வளவு ஆனபிறகும் மறுநாள் ஊரெல்லாம் பேசியது சேத்ரியைப் பற்றியல்ல, ஒரு த்ரோ-இன்னைப் பற்றி.

முதல் பாதி முடியப்போகும் நேரம். கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்து உள்ளே எறியத் தயாராகிறார் பாகிஸ்தானின் அப்துல்லா இக்பால். நம் ஆள் பிரீதம் கோட்டாலை அதற்கு முன்பு தள்ளிவிட்டார்கள், நடுவர் கண்டுகொள்ளவில்லை என்று பக்கத்தில் நின்ற இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சுக்கு மனக்குறை. குறையை எழுத்தில் கொடுத்திருக்கலாம். நான்காவது நடுவரிடம் கத்தியிருக்கலாம். 1998 உலகக் கோப்பையில் குரோஷியா மூன்றாம் இடம் பிடித்தபோது தடுப்பாட்டத்தில் நின்றவர் அவர். பழைய தொழில் ரத்தத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து கையை நீட்டி, இக்பாலின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். இரண்டு அணியும், இரண்டு அணியின் உதவியாளர்களும், கோட்டுக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் என்றில்லாமல் ஒரே இடத்தில் குவிந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தான் வீரர்கள் அன்று இரவு காட்டிய ஒரே வேகமான ஓட்டம் அதுதான். ஸ்டிமாச்சுக்குச் சிவப்பு அட்டை.

சரியாக நாற்பத்தொரு வருடத்துக்கு முன்பு, 1982 ஜூன் 21 அன்று, ஸ்பெயினின் வாயடோலிட் நகரத்தில் உலகக் கோப்பைப் பிரிவு ஆட்டம் ஒன்று நடந்தது. பிரான்ஸுக்கு எதிராக ஆடியது நம் விருந்தாளி குவைத். கூட்டத்தில் யாரோ விசில் அடிக்க, நடுவர்தான் ஊதினார் என்று குவைத் வீரர்கள் நின்றுவிட்டார்கள். பிரான்ஸ் கோல் போட்டுவிட்டது. மேலே உட்கார்ந்திருந்த குவைத் இளவரசர் ஷேக் ஃபகத் இறங்கி மைதானத்துக்குள் வந்து நடுவரிடம் பேசினார். கோல் செல்லாது என்று நடுவர் சொல்லிவிட்டார்! அப்படியும் பிரான்ஸ் 4-1 என்று ஜெயித்தது வேறு விஷயம். ஆக, ஜூன் 21-இல் வெளியாள் ஆட்டத்தில் கைவைப்பது பிரபுக்கள் தொடங்கிவைத்த வழக்கம். ஸ்டிமாச் இளவரசர் இல்லை என்பதால் அட்டை வாங்கினார்.

வருத்தப்பட்டாரா என்றால் இல்லை. நம் பிள்ளைகளுக்காக மறுபடியும் இதையே செய்வேன் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். சொன்ன சொல் தவறாத மனிதர், அதைப் பிறகு பார்ப்போம். இரண்டாவது ஆட்டத்தில் நேபாளத்தோடு மோதியபோது அவருக்குத் தடை. உதவிப் பயிற்சியாளர் மகேஷ் காவ்லி பொறுப்பேற்றார். ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. 61-ஆம் நிமிடம் சேத்ரி, 70-ஆம் நிமிடம் மகேஷ் சிங் நாவ்ரெம். நடுவில் ஒரு தள்ளுமுள்ளு. 2-0. முந்தைய 2021 போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்த நேபாளம், குவைத்திடம் 1-3, நம்மிடம் 0-2 என்று இரண்டே ஆட்டத்தில் மூட்டை கட்டியது. கடைசி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று ஜெயித்ததில் அவர்களுக்கு ஆறுதல் உண்டா என்று தெரியாது, பாகிஸ்தானுக்கு நிச்சயம் இல்லை. மூன்று ஆட்டம், வாங்கிய கோல் ஒன்பது, போட்டது பூஜ்யம். இதற்காகவா அந்த விசாவுக்கு அவ்வளவு அலைந்தார்கள்!

இந்த ஊரில் பந்தைப் பற்றிப் பேசும்போது கௌதமபுரத்தைத் தாண்டிப் போகக்கூடாது. அல்சூர் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பேட்டை. அங்கே அம்பேத்கருக்கும் புத்தருக்கும் அன்னை தெரசாவுக்கும் பக்கத்தில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது. சிலை வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதல் கோலைப் போட்டவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். தன்ராஜ், வஜ்ரவேலு என்று இந்த ஊர்ப் பெயர்கள் அந்த அணியில் இன்னும் உண்டு. பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்ட்டியையும் வீணடித்தார்கள் என்பதைச் சிலை வைக்கும் நேரத்தில் யாரும் பேசுவதில்லை. வியப்பையும் ஏமாற்றத்தையும் ஒரே ஆட்டத்தில் கலந்து கொடுக்கும் கைப்பக்குவம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இப்போது இன்னொரு பிரிவுக்கு வருவோம். கூட்டம் வராத பிரிவு. இந்தியா இல்லை, பாகிஸ்தான் இல்லை, அப்புறம் யார் வருவார்கள்? இருக்கைக்கும் புல்லுக்கும் நடுவே ஓடுபாதை வேறு, காலி வரிசைகள் இன்னும் காலியாகத் தெரிந்தன.

அங்கே மாலத்தீவு ஆடுகிறது என்றால் ஒரு மரியாதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2018-இல் டாக்காவில் நடந்த இதே போட்டியில் அவர்கள் கோப்பை வாங்கிய விதம் அப்படி. மூன்று அணிகள் கொண்ட பிரிவு. மாலத்தீவு இலங்கையோடு 0-0, இந்தியாவிடம் 0-2. இலங்கையும் இந்தியாவிடம் 0-2. இரண்டு அணிக்கும் ஒரு புள்ளி, இரண்டும் போட்ட கோல் இல்லை, இரண்டும் வாங்கிய கோல் சமம். பூவா தலையா போட்டுப் பார்த்தார்கள், மாலத்தீவு ஜெயித்தது. பிரிவு ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடாத அணி அரையிறுதியில் நேபாளத்துக்கு மூன்று போட்டு, இறுதியில் இந்தியாவை 2-1 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுபோனது. அப்படிப்பட்டவர்கள் பெங்களூருக்கு வந்து முதல் ஆட்டத்தில் பூட்டானை 2-0 என்று முறையாக, கோல் போட்டே ஜெயித்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. அவர்கள் பாணி இதுவல்லவே.

வங்கதேசத்தைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை, எந்த நம்பிக்கையும் இல்லை. ஃபிஃபா தரவரிசையில் 192-ஆவது இடம், அந்தப் பிரிவிலேயே கடைசி. பூட்டான்கூட மேலே இருந்தது. 2009-க்குப் பிறகு இந்தப் போட்டியில் அரையிறுதியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஸ்பெயின்காரரான ஹாவியர் கப்ரேரா பயிற்சியாளர், டென்மார்க்கில் பிறந்த ஜமால் பூயான் கேப்டன், பின்வரிசையில் ஃபின்லாந்தில் பிறந்த தாரிக் காஜி. முதல் ஆட்டத்தில் லெபனானை வெகுநேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் 0-2. சரி, வழக்கம்போல என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மாலத்தீவு 18-ஆம் நிமிடமே ஒரு கோல் போட்டது. இந்த இடத்தில் வங்கதேசம் குனிந்த தலை நிமிராமல் ஆட்டத்தை முடித்துக்கொண்டு போவதுதான் மரபு. அன்று என்னவோ நிமிர்ந்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன்பு ராகிப் உசேன் தலையால் முட்டிச் சமன் செய்தார். 67-இல் தாரிக் காஜி. 90-ஆம் நிமிடம் ஷேக் மோர்சாலின் என்ற பதினேழு வயதுப் பையன். 3-1. மூன்று நாள் கழித்துப் பூட்டானோடும் அதே கதை: முதலில் வாங்கி, பிறகு மூன்று போட்டு, மறுபடி 3-1. அந்த மூன்றில் மோர்சாலினுக்கு ஒன்று, ராகிபுக்கு ஒன்று, பூட்டானே அன்பளிப்பாகக் கொடுத்தது ஒன்று. பதினான்கு வருடத்துக்குப் பிறகு வங்கதேசம் அரையிறுதிக்குள் நுழைந்தது. பதினான்கு நாள் நடந்த இந்தக் கோப்பையில் காலால் செய்யப்பட்ட வியப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் விசா முத்திரை, தடை உத்தரவு, பயிற்சியாளரின் கை.

லெபனான் மூன்றையும் ஜெயித்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டான் மூன்றையும் தோற்றது. பாகிஸ்தானைப் போலவே ஒன்பது கோல் வாங்கியது, ஆனால் இரண்டு போட்டது. பாகிஸ்தானைவிடப் பூட்டான் பரவாயில்லை என்று கணக்கு எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 27-க்கு வருவோம். இந்தியாவும் குவைத்தும் தலா ஆறு புள்ளியோடு ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்டார்கள். யார் முதலிடம் என்பதுதான் மிச்சம். கோல் வித்தியாசம் இரண்டு பேருக்கும் ஆறு. ஆனால் குவைத் ஏழு போட்டு ஒன்று வாங்கியிருந்தது, நாம் ஆறு போட்டு ஒன்றும் வாங்கவில்லை. டிராவானால் குவைத் மேலே. இந்தியா ஜெயித்தே ஆக வேண்டும். ஸ்டிமாச் திரும்பி வந்திருக்கிறார்.

முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் அனிருத் தாபா ஒரு கார்னர் அடித்தார். பந்து எல்லார் தலைக்கும் மேலே மிதந்து வருகிறது. குவைத் தடுப்பாட்டக்காரர்கள் சேத்ரியைத் தேடுகிறார்கள். அவர் தனியாக நின்று, பந்து தரையைத் தொடுவதற்குள் ஓங்கி உதைத்தார். 1-0. இரண்டாம் பாதியில் ஸ்டிமாச் முதலில் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினார். 81-ஆம் நிமிடம் இன்னொன்று, மறுபடி வெளியே. மறுபடியும் செய்வேன் என்று சொன்னார் அல்லவா, ஒரே வாரத்தில் செய்து காட்டிவிட்டார். தேர்தல் நேரத்தில்கூட யாரும் இவ்வளவு சீக்கிரம் வாக்குறுதியை நிறைவேற்றியதில்லை. அவர் போன பிறகு கைகலப்பு. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு சிவப்பு அட்டை.

அப்புறம் அது நடந்தது. 2023 பிறந்ததிலிருந்து இந்தியா ஆடிய எட்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கியதில்லை. மியான்மர், கிர்கிஸ்தான், மங்கோலியா, வனுவாட்டு, லெபனான் இரண்டு தடவை, பாகிஸ்தான், நேபாளம் என்று எவராலும் முடியவில்லை. ஒன்பதாவது ஆட்டத்திலும் தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரம் ஓடுகிறது. வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து குறுக்கே வந்தது. அபாயம் என்று சொல்ல முடியாது. நம் அன்வர் அலி அதை வெளியே தள்ளக் காலை வீசினார். பட்ட இடம் சரியில்லை. பந்து குர்பிரீத் சிங் சாந்துவைத் தாண்டி, ஒரு முன்கள ஆட்டக்காரன் பத்துத் தடவை முயன்றால் ஒரு தடவை வாய்க்கும் அழகோடு, வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. சேம் சைடு கோல். எதிரிகளால் ஆறு மாதமாக முடியாததை நாமே செய்துகொண்டோம்.

அன்வர் அலியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இதயத்தில் கோளாறு, இனி பந்தைத் தொடாதே என்று சில வருடம் முன்பு டாக்டர்கள் சொல்ல, நீதிமன்றம் வரை போய் ஆட வந்த பையன் அவர். அந்தப் போட்டி முழுக்கச் சிறப்பாக ஆடியவர்களில் ஒருவரும் அவர்தான். ஒரு கோல் அங்கே போட்டாலும் அது கோல்தான், தொழில்சுத்தத்தில் குறை சொல்ல முடியாது.

1-1. இரண்டு பேருக்கும் ஏழு புள்ளி. கோல் வித்தியாசம் மறுபடி ஆறு, ஆறு. போட்ட கோல் குவைத் எட்டு, நாம் ஏழு. அந்த எட்டாவது கோலை அவர்கள் கணக்கில் வரவு வைத்தது நாம். தரவரிசையில் 140-க்கும் கீழே இருந்த விருந்தாளி பிரிவில் முதலிடம். எளிய எதிரி என்று நினைக்கப்பட்ட வங்கதேசம் அரையிறுதியில் அவர்களுக்குப் போய்ச் சேர, நமக்கு லெபனான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லெபனானோடு 0-0, பெனால்ட்டியில் 4-2. எளிய எதிரியான வங்கதேசம் குவைத்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்துப்போய்த்தான் 0-1 என்று விட்டது. ஜூலை 4 இறுதியில் குவைத்தோடு மறுபடி 1-1, பெனால்ட்டியில் 5-4, இந்தியாவுக்கு ஒன்பதாவது கோப்பை. இரண்டு இரவிலும் காப்பாற்றியது குர்பிரீத்தின் கை. ஸ்டிமாச் இரண்டையும் தடையில் இருந்தபடி பார்த்தார். இந்தியா அந்தப் போட்டியில் ஆடியது மொத்தம் 510 நிமிடம். அதில் தலைமைப் பயிற்சியாளர் கோட்டருகே நின்றது சுமார் 126 நிமிடம். அவர் இல்லாத நேரத்தில்தான் கோப்பை வந்தது என்பதைச் சங்கம் அப்போதே கவனித்திருக்கலாம். 2022 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின்போது ஆட்டக்காரர் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு ஸ்டிமாச் அனுப்பியதாக 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது. சிவப்பு அட்டை தோஷம் பற்றி ஜோதிடர் ஏதும் சொன்னதாகச் செய்தியில் இல்லை. 2024 ஜூனில் ஸ்டிமாச்சின் சீட்டு கிழிந்தது.

பெங்களூரில் ஒரு கோலும் போடாமல் போன பாகிஸ்தான், அதே 2023 அக்டோபரில் கம்போடியாவை 1-0 என்று ஜெயித்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அந்த நாட்டுக்கு முதல் வெற்றி. பயிற்சியாளர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன், நம்மிடம் ஸ்டிமாச்சுக்கு முன்பு இருந்தவர்.

காலி வரிசைகளுக்கு முன்னால் ஆடிய வங்கதேசத்தை நாம் மறந்துவிட்டோம். அவர்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இந்தியாவை 1-0 என்று வீழ்த்தினார்கள், இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. 11-ஆம் நிமிடம் ராகிப் ஓரமாக ஓடிவந்து பந்தைக் குறுக்கே போட்டார். முடித்து வைத்தது மோர்சாலின்.